அவையடக்கமும் அவையஞ்சாமையும்

எழுத வேண்டும் என்னும் விருப்பம் நம்மிற் பலருக்கும் உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்தவர்களிடம் அது சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. பகல் முழுதும் தெருவிலும் அலுவலகத்திலும் வேற்று மொழி பேசிக் களைத்தவனுக்கு, இரவில் தாளை எடுத்துத் தமிழில் நான்கு வரி எழுதுவது வீடு திரும்புவதைப் போன்றது. ஆயின், அந்த நான்கு வரி நாற்பது பக்கமாகி, நாற்பது நானூறாகும் வரை எழுதுகோலைக் கீழே வைக்காதவர் மிகச் சிலரே. ஏனையோர் ஏன் நின்றுவிடுகின்றனர்? ஆற்றல் இல்லாமையாலா, ஓய்வு இல்லாமையாலா, நம்பிக்கை இல்லாமையாலா? நம்பிக்கை எனில் எதன்மேல் நம்பிக்கை? தன்மேலா, எடுத்துக்கொண்ட பொருளின்மேலா, படிக்கப் போகிறவர்மேலா? இந்த வினாவை நாம் நெடுநாளாக மனத்தில் சுமந்து வருகிறோம். அதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இக்காலத்தில் தன்னம்பிக்கை என்னும் சொல் எங்கும் ஒலிக்கிறது. அதற்கென்றே நூல்களும் சொற்பொழிவுகளும் உள்ளன. நம்மால் முடியும் என்று நாள்தோறும் கண்ணாடிமுன் நின்று சொல்லிக்கொண்டால் முடிந்துவிடும் என்பது அவற்றுட் பலவற்றின் சாரம். வாணிகத்திற்கு அது பயன்படலாம். எழுத்திற்குப் பயன்படுமா என்பது ஐயம். திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் புரட்டினால் ஊக்கமுடைமை உண்டு, மடியின்மை உண்டு, ஆள்வினையுடைமை உண்டு. தன்னம்பிக்கை என்று ஓர் அதிகாரம் இல்லை. அதற்கு மிக நெருங்கி வருவது 73ஆம் அதிகாரமாகிய அவையஞ்சாமை. அதற்கு முன் 72ஆம் அதிகாரமாக அவையறிதலை வைத்திருக்கிறார் வள்ளுவர். முதலில் எதிரே இருப்போர் யார் என்று அறிதல், பிறகு அஞ்சாதிருத்தல். இந்த வரிசையைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. கண்ணாடிமுன் நிற்பவனுக்கு அவை இல்லை. ஆகவே அவன் அடையும் துணிவு எதன் எதிரே பெற்ற துணிவு என்பது விளங்கவில்லை.

நம் புலவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பெருநூல் செய்யத் தொடங்குமுன் அவையடக்கம் பாடினார்கள். கம்பர் தம்மை ஒரு பூனையாகச் சொல்லிக்கொள்கிறார். பாற்கடலைக் கண்ட பூனை, அதனை முழுதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசையோடு புகுந்ததாம். தாம் இராமகாதை சொல்ல வந்ததும் அத்தகையதே என்கிறார். பள்ளியில் இதைப் படித்தபோது ஆசிரியர்கள் பணிவு என்னும் பண்பிற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நாமும் எழுதி மதிப்பெண் பெற்றோம். பின்னர் வயதான காலத்தில் எண்ணிப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. தம்மைப் பூனை என்று சொன்ன அந்த மனிதர் அதோடு திரும்பிப் போய்விடவில்லை. பத்தாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார். பூனை கரையில் நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. கடலில் வாய் வைத்தது.

அந்த உவமையை இன்னும் சற்று உற்று நோக்கலாம். பூனைக்குத் தன் வயிற்றின் அளவைப் பற்றி எந்த மயக்கமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதிரே கிடப்பது பால் என்பதில் அதற்கு ஐயமே இல்லை. கம்பருடைய துணிவு அங்கே இருக்கிறது. தம்மைப் பற்றி எவ்வளவு தாழ்வாகச் சொல்லிக்கொண்டாலும், தாம் எடுத்த பொருள் பாற்கடல் என்பதில் அவர் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. தன்மேல் வைக்கும் நம்பிக்கை காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் இருக்கும். உடல்நிலை, வீட்டுநிலை, பத்திரிகை ஆசிரியரின் மனநிலை எல்லாம் அதை அசைக்கும். பொருளின்மேல் வைத்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் அசையாது. ஆகவேதான் அவையடக்கமும் அவையஞ்சாமையும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்க முடிகிறது.

இதற்குக் கண்கண்ட சான்று உ.வே. சாமிநாதையரின் வாழ்வு. 1880ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி அப்போதுதான் கிடைத்திருந்தது. தம் கல்வியில் அவருக்கு ஐயம் இருக்க நியாயமில்லை. அந்த ஆண்டில் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் நீண்ட பட்டியல் சொன்னார். கேட்டவர் முகத்தில் வியப்பு எழவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா, அதற்கும் முற்பட்ட பழைய நூல்களைக் கண்டதுண்டா என்று அவர் வினவினார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. இந்த நிகழ்ச்சியைச் சாமிநாதையரே தம் தன்வரலாற்றில், தம் பெருமை குறையுமே என்று கருதாமல், விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அன்று அவர் நெஞ்சில் சரிந்தது எதுவோ அதைத்தான் நாம் இன்று தன்னம்பிக்கை என்கிறோம். அது சரிந்த இடத்தில் வேலை தொடங்கியது. சிந்தாமணியை எடுத்துப் படித்தார், பொருள் விளங்கவில்லை. ஆசிரியரிடம் கேட்கலாம் என்றால் அவர் 1876லேயே மறைந்துவிட்டார். நூல் சமண சமயத்தது. அதன் மரபுகள் சைவ மடத்தில் பயின்றவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரிடம் சென்று கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஏடு ஏந்தி, தம் சமயத்தாரல்லாத இல்லறத்தார் வீட்டுத் திண்ணையில் மாணவராக அமர்ந்த காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இடையே ஏழு ஆண்டுகள். பதிப்பு வந்தபின் பாராட்டு மட்டுமா வந்தது? கண்டனங்களும் வந்தன. அவர் தம் நாட்களைக் கண்டனங்களுக்கு மறுப்பு எழுதுவதில் செலவிடவில்லை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வேலை நடந்தது. பிழை என்று பட்டதைப் பின் வந்த பதிப்புகளில் திருத்திக்கொண்டார். நான் வல்லவன் என்னும் எண்ணத்தால் இத்தனையும் நடந்திருக்க முடியாது. வல்லவன் என்று எண்ணியிருந்தால் முதலியார் கேட்ட அன்றே சினந்து எழுந்து வந்திருப்பார். இந்நூல்கள் அழியத் தகாதவை என்னும் உறுதி ஒன்றே அவரைச் சுமந்து சென்றது.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். விடாமுயற்சி எல்லாம் நல்லதுதானா? தரமில்லாத எழுத்தை விடாமல் எழுதுவோரும் உண்டன்றோ? உண்டு. ஒவ்வொரு சங்கத்திலும் ஆண்டுக்கு ஒரு கவிதைத் தொகுதியைத் தம் செலவில் அச்சிட்டு, முதற் பக்கத்தில் தம் படத்தையும் இரண்டாம் பக்கத்தில் அமைச்சர் ஒருவரோடு நிற்கும் படத்தையும் போட்டு, கிருகப்பிரவேசம் முதலாகச் சீமந்தம் ஈறாகச் செல்லுமிடமெல்லாம் வழங்குகிற அன்பர் ஒருவர் இருப்பார். (இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் உடனே யாரையேனும் நினைத்துக்கொண்டால் அது நம் பிழையன்று.) அவருடைய உறுதியை நாம் குறை சொல்வதற்கில்லை, மழையிலும் குளிரிலும் அவர் சோர்ந்ததில்லை. ஆனால் அவருடைய நம்பிக்கைக்குப் பொருள் தேவைப்படுவதில்லை. நிலவைப் பாடினாலும் நாட்டைப் பாடினாலும் அவருக்கு ஒன்றே. பாற்கடல் இல்லாமலே நக்கிக்கொண்டிருக்கும் பூனை அது. இருப்பினும் நாம் அவரை இகழ அஞ்சுகிறோம். எழுதத் தகுந்த எத்தனையோ பேர் நின்றுவிட்ட இடத்தில் அவராவது நிற்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுகிறவன் பக்கம் நின்று சொன்னது. இலக்கணம் இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு விதி வகுக்கிறார். ஒருவன் முன்பு இல்லாத புதுமைகளைச் செய்து பல துறைகளில் வல்லவனாக விளங்கினாலும், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியாகாது என்பது அது. அப்படியானால் புதிய நூலின் சிறப்பை உலகிற்குச் சொல்வது யார்? நால்வர் சொல்லலாம் என்கிறார்: நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவன் மாணவன், அந்நூலுக்கு உரை கண்டவன். சொல்லலாம் என்று நாம் எழுதியது பிழை. சொல்லுதல் அவர்களுக்குக் கடமை என்பதே அங்குள்ள தொனி. எழுதுகிறவன் வாயைக் கட்டிய இலக்கணம், உடனிருப்போர் வாயைத் திறந்துவிடுகிறது. அடக்கம் அவன் பங்கு. அவனுக்கு உரிய சொல்லைச் சொல்வது மற்றவர் பங்கு. நம்பிக்கை என்பது ஒருவன் நெஞ்சில் மட்டும் விளையும் பயிர் என்று பவணந்தியார் கருதவில்லை போலும்.

அவர் நடைமுறை அறிந்தவர். எனவே நான்கு இடங்களில் தற்புகழ்ச்சிக்கும் இடம் தருகிறார். அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து விடுத்த வேண்டுகோளை இந்த விதியை வைத்துப் படிக்க வேண்டும். தம் எழுத்துகளை 40 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடப் போவதாகவும், அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எளிதில் பரவி விற்கும் என்றும் எழுதி, அதற்குப் பொருள் கடனாக உதவுமாறு கேட்டார். சிலர் அதைப் படித்து, எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று வியக்கிறார்கள். வேறு சிலர் உலகறியாத கவியின் கனவு என்று இரங்குகிறார்கள். நமக்கு அது இலக்கணம் அனுமதித்த இடத்தில் நின்று பேசிய பேச்சாகவே படுகிறது. அவர் ஆற்றலை அறியாதவர் நடுவே அவர் இருந்தார். அவருக்காகப் பேச வேண்டியவர் போதுமான அளவில் பேசவில்லை. ஆகவே தாமே பேசினார். கடன் கிடைக்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் பாரதியாரின் அஞ்சாமையைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். கடிதம் கிடைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உடனிருந்தோர் தம் பங்கைச் செய்த கதைகளும் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. பள்ளிக் கல்வி இல்லை. கதை சொல்ல வரும். தடையின்றி எழுத வராது. அவருடைய முதற் படைப்பாகிய நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஒரு தோழி. பின்னர் அவரே எழுதக் கற்று, 1925 முதல் ஜகன்மோகினி என்னும் இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியது நாடறிந்த செய்தி. அம்மையாரின் விடாமுயற்சியைப் பாராட்டாதவர் இல்லை. அடுக்களை வேலையை ஒதுக்கிவிட்டு அருகே அமர்ந்து, உன் வாயில் வருவது எழுதி வைக்கத் தக்கது என்று கையால் சொன்ன அந்தத் தோழியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

சி.சு. செல்லப்பா தமக்காக மட்டுமன்றிப் பிறருக்காகவும் விடாப்பிடியாக நின்றவர். 1959 ஜனவரியில் எழுத்து என்னும் இதழைத் தொடங்கியபோதே, இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று எல்லை வகுத்துக்கொண்டார். எல்லாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதே பத்திரிகை இயல்பு. இவரோ இத்தனை பேர் போதும் என்றார். அவையறிதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரியாது. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அதில் எழுதிய புதுக்கவிஞர்களைத் திரட்டி 1962இல் புதுக்குரல்கள் என்று தொகுத்தார். நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். உடன் கற்றவன் பேச வேண்டும் என்ற விதியை இருபதாம் நூற்றாண்டில் இப்படி நிறைவேற்றினார் எனலாம்.

இனி நம் நிலைக்கு வருவோம். தலைநகரில் குடியேறிய தமிழன் கதை எழுத உட்கார்ந்தால், பவணந்தியார் சொன்ன நால்வரில் எவர் அவனருகே இருக்கிறார்? ஆசிரியர் ஊரில் விட்டு வந்த பள்ளிக்கூடத்தில். உடன் கற்றவன் வேறு மாநிலத்தில், வேறு வேலையில். மாணவனாக வேண்டியவன் தன் மகன். அவன் தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். உரைகாரரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்நாளில் கதையை எழுதி, திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்துச் சென்னைக்கு அனுப்புவோம். மாதங்கள் சென்றபின் நம் கையெழுத்திலேயே நம் முகவரி எழுதிய உறை நம்மைத் தேடி வரும். உள்ளே அச்சடித்த துண்டுத்தாள். இன்று கைபேசியில் அனுப்பினால் அந்தத் துண்டுத்தாளும் இல்லை. எதிரே யார் இருக்கிறார்கள் என்றே அறிய முடியாத அவையில் எதைக் கொண்டு அஞ்சாதிருப்பது? வார நாளெல்லாம் அலுவலகத்திற்குக் கொடுத்து, எஞ்சும் ஞாயிறையும் எழுத்திற்குக் கொடுப்பவன், மனைவி மக்களிடமிருந்தும் அதை எடுத்துத்தான் கொடுக்கிறான். அது நியாயம்தானா என்று அவன் நெஞ்சு கேட்கும்போது பதில் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆளாக இருக்கும் வாய்ப்பு நமக்கு ஒரு முறை வந்தது.

1978இல் நம் சங்கத்து நண்பர் ஒருவர் மூன்று நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். சங்கக் கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடுவார். மேடை ஏறிப் பேசியதில்லை. அவர் எழுதுவார் என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது. அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குடும்பங்களைப் பற்றிய நாவல் அது. கோடை இரவில் மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டில்கள், புழுதிக்காற்று வந்தால் எல்லாரும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு இறங்குவது, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வரும் உறவினருக்காகப் புதுதில்லி நிலையத்தில் காத்திருப்பது, கோப்புகள், பதவி உயர்வு, இடமாற்றம். நாம் அப்போது இரண்டு மூன்று கதைகள் அச்சில் வந்த பெருமையில் இருந்தோம். நோட்டுகளை எட்டு மாதம் வைத்திருந்தோம். முழுவதையும் படித்தோம் என்று சொன்னால் பொய்யாகும். திருப்பிக் கொடுக்குமுன் கடைசி நோட்டின் இறுதிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினோம். முயற்சி நன்று என்று முதல் வரி. நம் குமாஸ்தா வாழ்க்கையில் கதை எங்கே இருக்கிறது என்று இரண்டாம் வரி. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு முப்பது ஆண்டுகள் பழகினோம். அந்த நாவலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்தக் குறிப்பின் கொடுமை பின்னால்தான் உறைத்தது. நடை சரியில்லை, உரையாடல் நீள்கிறது என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒரு வேலை கொடுத்ததாக இருந்திருக்கும். நாம் அவருடைய எழுத்தைத் தொடவே இல்லை. அவருடைய பாற்கடலைச் சுட்டி, அது பாலே அன்று என்றோம். அதுவும் பொய். நாம் அந்த வரியை எழுதிய காலத்திலேயே, இதே நகரத்து வாழ்க்கையை வைத்து ஆதவனின் காகித மலர்கள் வந்துவிட்டது. அதற்கு முன்பே இந்திரா பார்த்தசாரதியின் தந்திர பூமியும் சுதந்திர பூமியும் வந்துவிட்டன. தலைநகரில் கதை இருக்கிறது என்பதைக் கண்ணுடையோர் கண்டுகொண்டிருந்த நேரத்தில், நாம் இல்லை என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தோம்.

இத்தகைய குற்றவுணர்வுக்கு நல்ல மருந்து ஒன்று உலகில் வழங்குகிறது. உண்மையான எழுத்தாளனை யாராலும் நிறுத்த முடியாது. நின்றுவிட்டான் என்றால் அவன் எழுத்தாளனே அல்லன் என்பது அது. நாமும் அம்மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொண்டோம். கேட்க இனிமையானது. ஆனால் சற்று ஆராய்ந்தால், அது நிறுத்தியவர்கள் தம்மை மன்னித்துக்கொள்ளச் செய்துகொண்ட தத்துவம் என்பது தெரியும். நமக்குத் தெரிந்தவர் எல்லாரும் நிற்காதவர்கள். நின்றவர்களின் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி, கடலில் யாரும் மூழ்குவதில்லை என்று கணக்குச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதனால், எழுதிக் கொண்டுவந்து கொடுப்பவரையெல்லாம் புகழ்ந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது நம்மவர்க்கு வெகு எளிது. பொன்னாடை கைவசம் இருக்கிறது; பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கமும் படியாமல் கவிஞர்திலகம் என்று அழைத்துவிடலாம். படியாமல் புகழ்வதும் படியாமல் பழிப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். அந்த நண்பருக்கு நாம் பட்டிருந்த கடன் மிகச் சிறியது. நோட்டுகளை முழுவதும் படித்து, இன்ன பக்கத்தில் புழுதிக்காற்று வரும் இடம் கண்முன் நிற்கிறது, இன்ன பக்கத்தில் கதை நகரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாலைப்பொழுது செலவாகியிருக்கும்.

நண்பர் 2009இல் மறைந்தார். சென்ற ஆண்டு அவர் மகள் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு துணிப்பையோடு நம்மிடம் வந்தார். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. “மாமா, அப்பா ஏதோ எழுதி வெச்சிருக்கார். கணக்கு நோட்டா, வேற ஏதாவதா தெரியலை. வெச்சுக்கலாமா, கபாடிக்குப் போட்டுடலாமா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்றார்.

பையில் அந்த மூன்று நோட்டுகளும் இருந்தன. நம் பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் அழியவில்லை. நாம் எதிர்பாராத நான்காவது நோட்டு ஒன்றும் இருந்தது. நம் குறிப்பைப் பெற்றபின் அவர் நாவலை மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் தேதி போட்டிருக்கிறார். முதல் அதிகாரம் 1979, மூன்றாவது 1981. நான்காம் அதிகாரம் ஒன்றரைப் பக்கம் சென்று, ஒரு வாக்கியத்தின் நடுவே நிற்கிறது. அவர் உடனே நின்றுவிடவில்லை. இரண்டாண்டுக்கு மேல் எழுதியிருக்கிறார். அந்த இரண்டாண்டும் மாதந்தோறும் சங்கக் கூட்டத்தில் நம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

புதிதாக எழுதிய மூன்று அதிகாரங்களும் பழையதைவிடச் செம்மையாக இருக்கின்றன. கோப்பு ஒன்று மேசைக்கு மேசை நகரும் காட்சி, முதற் பிரதியில் நாலு வரி. இதில் ஆறு பக்கம். அதில் கதை இருக்கிறது.

வைத்துக்கொள்ளச் சொன்னோம். படித்துக் காட்ட முடியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். நாம் படிக்கிறோம், விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்கிறார், சில இடங்களில் இது இன்னார் வீடு என்று தாமே அடையாளம் சொல்கிறார். தம் மகனின் கைபேசியில் நம் குரலைப் பதிவு செய்துகொள்கிறார். புதிய நோட்டு முடிந்துவிட்டது. அறுபட்ட வாக்கியத்தோடு அன்று நிறுத்திக்கொண்டோம். அடுத்த ஞாயிறு பழைய இரண்டாம் நோட்டில், நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பகுதியை நாமும் இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கப் போகிறோம்.